வேகமான ராம் வாங்கினா கேம் பறக்குமா?

அன்னவாசல்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில், ராத்திரி கேம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, டி.டி.ஆர்.4, 8 ஜிபி, ஒரே ஸ்டிக். "தை முகூர்த்தத்துக்குள்ள இதைக் கழட்டிட்டு வேகமான ராம் போடலாமா அண்ணா?"

கழட்டாதீங்க தம்பி. ஸ்லாட் காலியா இருந்தா, அதே மாதிரி இன்னொரு 8 ஜிபி சேருங்க.

காரணம் இதுதான். டி.டி.ஆர்.4-3200 ஸ்டிக் ஒண்ணு நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி டேட்டா கொடுக்கும். டூயல் சேனல்ல ரெண்டு போட்டா 51.2. உங்க கிராபிக்ஸும் இந்த ராமைத்தான் பங்கு போட்டுக்குது. அதனால கேம்ல வித்தியாசம் நல்லாவே தெரியும். எடிட்டிங்ல 8 ஜிபி நிரம்பிட்டா சிஸ்டம் டிஸ்க்கைத் தேடி ஓடும். அப்போ ராமோட வேகம் காப்பாத்தாது, அளவுதான் காப்பாத்தும்.

தனி கார்டு வச்சு 4கே-ல ஆடுறவங்களுக்கு? பெரும்பாலும் திணறுறது கார்டுதான், ராம் இல்ல. பாக்கெட்ல போட்டிருக்கிற நம்பரைப் பார்த்தும் மயங்காதீங்க. 3200 சி.எல்.16, 6000 சி.எல்.30 ரெண்டுக்குமே சி.எல். தாமதம் 10 நானோசெகண்டுதான்.

கடைசியா ஒண்ணு: பயாஸ்ல எக்ஸ்.எம்.பி இருந்தா ஆன் பண்ணுங்க. 3200-ன்னு வாங்கின ராம் 2133-ல ஓடிட்டு இருக்கலாம். காசு கொடுத்து வாங்கின வேகத்தை முதல்ல முழுசா எடுங்க, அப்புறம் புதுசு வாங்கலாம்.