பிட்டும் ஆறும் கதையும்

உண்ணும் பண்டமும் ஓடும் ஆறும் ஊரார் சொல்லும் கதையும் வெவ்வேறு செய்திகளாகத் தோன்றினாலும், ஒரு வட்டாரத்தின் வாழ்வை எழுத முற்படும் எழுத்தாளருக்கு அவை ஒரே பொருளின் கூறுகளாகவே அமைகின்றன. மதுரையில் வைகையின் தென்கரையை ஒட்டி, பழைய சொக்கநாதர் கோயிலும் பேச்சியம்மன் படித்துறையும் மாவட்ட மைய நூலகமும் அருகருகே அமைந்துள்ள சிம்மக்கல் பகுதி, இந்த உறவைக் கண்கூடாகக் காட்டுகிறது.

சிம்மக்கல்லுக்கு மேற்கே, ஆரப்பாளையத்தை ஒட்டிய புட்டுத்தோப்பில், ஆவணி மாதந்தோறும் பிட்டுக்கு மண் சுமந்த திருவிழா நடைபெறுகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 61ஆவது படலமாக உள்ள இக்கதையில், வைகையில் வெள்ளம் பெருகியபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். ஆள் துணையற்ற வந்தி என்னும் கிழவிக்காகச் சிவபெருமான் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமக்கிறார். ஊரார் உழைப்பால் நீர்நிலைகளைப் பேணும் குடிமராமத்து என்னும் வழக்கத்தின் சாயலும், வேலைக்குப் பண்டமே கூலியான வாழ்க்கை முறையும், முதியவளின் தனிமையும் இக்கதையில் ஒருசேரப் பதிவாகியுள்ளன. ஆற்றின் சீற்றத்தையும் அடுப்படிப் பண்டத்தையும் இணைத்துச் சொன்னதாலேயே இது மக்கள் மனத்தில் நிலைத்தது எனலாம்.

இத்தகைய அன்றாடச் செய்திகளை ஆய்வுக்கும் கட்டுரைக்கும் உரிய பொருளாக்கியவர்களுள் முதன்மையானவர் தொ. பரமசிவன் (1950–2020). பாளையங்கோட்டையில் பிறந்து, மதுரைத் தியாகராசர் கல்லூரியில் தமிழ் கற்பித்த அவர், அழகர் கோயிலைப் பற்றிய தம் ஆய்வுக்காக மக்களிடம் நேரில் சென்று செய்தி திரட்டும் கள ஆய்வு முறையைக் கையாண்டார். பின்னர் ‘அறியப்படாத தமிழகம்’ என்னும் நூலில் உப்பு, உடை, உணவு, பல்லாங்குழி போன்ற எளிய பொருள்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் உறைந்துள்ள சமூக வரலாற்றை அனைவருக்கும் விளங்கும் நடையில் எழுதினார். சம எண்ணிக்கையிலான காய்களோடு தொடங்கி, ஒருவர் கை நிறையவும் மற்றவர் கை வெறுமையாகவும் முடியும் பல்லாங்குழியில், சொத்து ஓரிடத்தில் குவிவதன் சாயலை அவர் கண்டார்.

சித்திரைத் திருவிழாவிலும் அவர் இதே நோக்கையே செலுத்தினார். மண்டூக முனிவரின் சாபம் நீக்கவே அழகர் கோயிலில் உறையும் திருமாலாகிய அழகர் வைகைக்கு வருகிறார் என்பது கோயில் சார்ந்த புராணம். தங்கை மீனாட்சியின் திருமணத்துக்குச் சீர் கொண்டு வந்தவர், திருமணம் முடிந்துவிட்டதை அறிந்து ஆற்றோடு திரும்புகிறார் என்பது மக்கள் வழங்கும் கதை. புராணத்தோடு பொருந்தாத இக்கதையைப் பிழையென ஒதுக்காமல், சைவ, வைணவக் கடவுளரை அண்ணன் தங்கையாக்கி உறவு கொண்டாடும் மக்கள் மனத்தின் வெளிப்பாடாக நோக்குவதே முறை. சர்க்கரை நிரப்பிய சொம்பின் வாயை வாழை இலையால் மூடி, அதன்மேல் சூடம் ஏற்றி அழகரை எதிர்கொள்ளும் பெண்களும், தோல் துருத்தியில் நீரை நிரப்பிப் பீய்ச்சும் அடியவர்களும் அந்தக் கதைக்குள் வாழ்பவர்களே. அழகர் பச்சைப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் அவ்வாண்டு வெள்ளாமை செழிக்கும் என்ற நம்பிக்கை, மழையை எதிர்நோக்கி வாழும் உழவரின் கவலையிலிருந்தே பிறந்தது.

ஆயினும், பரிபாடல் போற்றிய வைகை இன்று ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கிறது. 1959இல் கட்டி முடிக்கப்பட்ட வைகை அணையிலிருந்து திறந்துவிடப்படும் நீரை நம்பியே திருவிழா நடைபெறுகிறது. ஆற்றைச் சார்ந்து பிறந்த கதைகளைக் காப்பதும் ஆற்றைக் காப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகளாகும். ஆகவே நேயர்கள் ஒவ்வொருவரும், தத்தம் வீட்டு முதியோர் ஆற்றைப் பற்றியும் உணவைப் பற்றியும் திருவிழாவைப் பற்றியும் சொல்லும் செய்திகளைக் கேட்டு, சொல்பவரின் பேச்சு மொழியிலேயே எழுதி வைக்க வேண்டும். வருங்கால எழுத்தாளருக்கு அதைவிடச் சிறந்த மூலப்பொருள் வேறில்லை.