பிள்ளை இன்னும் பேசவில்லையா? பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் நிகழ்ச்சியில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி, கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையில் இருக்கிறது திரிங்காப். சுற்றிலும் முட்டைக்கோஸ், தக்காளி, பூச்செடி என்று பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள். மலைக்கு அந்தப் பக்கம் தேயிலை. அங்கே ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அது யார் வீடாகவும் இருக்கலாம்.

அந்த வீட்டில் மூன்றரை வயதுப் பையன். "ம்மா", "பா" தவிர வேறு சொல் இல்லை. வேண்டியது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரளுகிறான், தலையைச் சுவரில் முட்டுகிறான், பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கிறான். பாலர் பள்ளியில் சேர்த்த இரண்டாவது வாரமே, "கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

"அத்தை, இவனை டாக்டர்கிட்ட காட்டணும்" என்கிறாள் மருமகள். "அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசுனான். நாக்குல வசம்பு உரசித் தடவு, சரியாப் போயிரும்" என்கிறார் பாட்டி. "ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்" என்கிறார் தகப்பனார். மூவருமே அந்தப் பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனால் மாதங்கள் ஓடுகின்றன.

இந்த மூன்று பேரில் யார் சொல்வது சரி என்பதுதான் இன்றைய பேச்சு.

பாட்டி சொல்வதில் உண்மை இல்லையா?

இருக்கிறது. தாமதமாகப் பேசத் தொடங்கும் பிள்ளைகளில் பலர் பிறகு மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுவது உண்மை. ஆனால் எந்தப் பிள்ளை எட்டிப் பிடிக்கும், எந்தப் பிள்ளைக்கு உதவி தேவைப்படும் என்பதை வீட்டில் உட்கார்ந்தபடி யாராலும் சொல்ல முடியாது. நான்கு வயதில் பேசிய தகப்பனாரை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. பேசாமலே வளர்ந்து, பள்ளிக்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மருத்துவர்கள் கவனிக்கச் சொல்லும் அடையாளங்கள் எளிமையானவை. 16 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. 2 வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. விரலால் சுட்டிக் காட்டவில்லை. எந்த வயதிலாவது, பேசிக்கொண்டிருந்த சொற்கள் காணாமல் போய்விட்டன. இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிட வேண்டும். மூன்றரை வயதுப் பையனுக்கு இதில் எல்லை எப்போதோ தாண்டிவிட்டது. மருமகள் சொல்வதுதான் சரி.

ஊசி முடிந்ததும் கிளினிக்கை மறந்துவிடுகிறோம்

ஏன் இவ்வளவு தாமதமாகக் கண்ணில் படுகிறது? தீபகற்ப மலேசியாவின் தடுப்பூசி அட்டவணையைப் பாருங்கள். 18வது மாத ஊசிக்குப் பிறகு அடுத்த ஊசி 7 வயதில், பள்ளிக்கூடத்தில். இடைப்பட்ட வருடங்களில்தான் பேச்சுக் குறை வெளியே தெரிகிறது. அந்த வருடங்களில் ஊசி இல்லை என்பதால் பல தாய்மார்கள் அரசு கிளினிக் பக்கம் போவதே இல்லை. ஆனால் வளர்ச்சிப் பரிசோதனை அப்போதும் உண்டு. பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனால் போதும். 'எம்-சாட்' எனப்படும் கேள்விப் பட்டியல்கூட அந்தப் பரிசோதனையின் ஒரு பகுதிதான். தாய் 'ஆம், இல்லை' என்று பதில் சொன்னால் போதும். அந்தப் பட்டியலின் வயது கடந்திருந்தாலும் கவலை வேண்டாம். "பிள்ளை பேசவில்லை" என்ற ஒரு வாக்கியமே டாக்டர் கவனிக்கப் போதுமான காரணம்.

முதலில் காது

பேசாத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது நாக்கை அல்ல, காதை. "இடி இடித்தால் திரும்புகிறானே, காது நன்றாகத்தான் கேட்கிறது" என்பார்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் கட்டிக்கொள்ளலாம். அப்போது கதவு அடிபடும் சத்தம் கேட்கும், ஆனால் பேச்சின் மெல்லிய ஒலிகள் தெளிவாக விழாது. கேட்காததை எப்படித் திருப்பிச் சொல்வான்? கைதட்டிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. கருவி வைத்து முறையாகச் சோதிக்க வேண்டும்.

அதன் பிறகுதான் மற்றவை. பேச்சு மட்டும் தாமதமா, ஒட்டுமொத்த வளர்ச்சியும் தாமதமா, ஆட்டிசமா என்று பார்ப்பார்கள். பேசாத பிள்ளைகள் எல்லாருக்கும் ஆட்டிசம் என்று பயந்துவிடக் கூடாது. ஆட்டிசத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பிள்ளை விளையாடுவதைப் பார்த்து, பெற்றோரைக் கேட்டுத்தான் நிபுணர்கள் முடிவுக்கு வருகிறார்கள்.

ஒரு தகப்பனாரின் 33 பக்கக் கடிதம்

இங்கே ஓர் உண்மை வரலாறு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர். அங்கே 1933இல் பிறந்தவர் டோனால்டு டிரிப்லெட். சிறு வயதில் மனிதர்களைக் கண்டுகொள்ளவே மாட்டார். பொருள்களைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். குறுக்கிட்டால் ஆத்திரம் பொங்கும். 1938இல் பால்டிமோர் நகரத்தில் டாக்டர் லியோ கேனரிடம் காட்டப் பெற்றோர் ஏற்பாடு செய்தார்கள். அதற்கு முன்னால் தகப்பனார் ஒரு காரியம் செய்தார். மகன் என்ன சாப்பிடுகிறான், எதற்கு அழுகிறான், எந்தச் சொல்லை எப்போது சொல்கிறான் என்று எல்லாவற்றையும் 33 பக்கங்களில் எழுதி அனுப்பினார். 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி கேனர் எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அடையாளம் காட்டியது. அதில் முதல் பிள்ளை டோனால்டு. அந்தக் கட்டுரைக்கு ஒரு தகப்பனாரின் குறிப்புகள் கைகொடுத்தன.

பிற்பாடு டோனால்டு ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் சில ஆண்டுகள் வளர்ந்தார். சோள வரிசைகளை எண்ணிக்கொண்டே இருப்பது அவர் பழக்கம். அவர்கள் அதை அடித்து நிறுத்தவில்லை. உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். பின்னாளில் அவர் கல்லூரி முடித்தார், வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், பல நாடுகளுக்குப் போய் வந்தார். 2023இல் 89 வயதில் காலமானார். எல்லாப் பிள்ளைகளும் இப்படி வருவார்கள் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. பிள்ளையைக் கூர்ந்து கவனித்தவர்கள் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு தூரம் வர முடியும் என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

திரிங்காப் தாயிடம் 33 பக்கம் எழுத நேரம் இருக்காது. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். "திங்கள் காலை: பிஸ்கட் டின்னைப் பார்த்து அழுதான், எடுத்துக் கொடுத்ததும் நின்றுவிட்டது. செவ்வாய் மாலை: வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள், சத்தம் அதிகம், காதைப் பொத்திக்கொண்டு தலையை முட்டினான்." ஆத்திரத்துக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று இரண்டு வாரம் எழுதினால் ஒன்று புரிந்துவிடும். அவன் முரடன் அல்ல. கேட்க வார்த்தை இல்லாததால் உடம்பால் கேட்கிறான். டாக்டருக்கும் அந்த நோட்டுப் புத்தகம் பெரிய உதவி. அவர் முன்னால் பிள்ளை இருக்கப்போவது கொஞ்ச நேரம்தான்.

தமிழை நிறுத்த வேண்டாம்

வீட்டில் தமிழ், முதலாளி வீட்டில் சீனம், பாலர் பள்ளியில் மலாய். "இத்தனை மொழியில் பிள்ளை குழம்பிப் போனான், தமிழை நிறுத்துங்கள்" என்று சிலர் சொல்வது உண்டு. பல மொழி கேட்பதால் பேச்சுக் குறை வருவதில்லை. தாய்க்கு நன்றாகப் பேச வரும் மொழியில்தான் பிள்ளையிடம் பேச வேண்டும். பிள்ளை சொல்லும் சொற்களை எண்ணும்போது எந்த மொழியாக இருந்தாலும் சேர்த்தே எண்ண வேண்டும். பரிசோதிப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், தாயின் நோட்டில் உள்ள சொற்களுக்குப் பக்கத்தில் மலாயில் பொருள் எழுதி எடுத்துப் போகலாம்.

போக வேண்டிய வழி

முதலில் பக்கத்து அரசு கிளினிக், அல்லது தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை. அங்கிருந்து குழந்தை நிபுணர், செவிப் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி ஆகியவற்றுக்குப் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். பகாங்கின் தலைநகர் குவாந்தான் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஈப்போ பேரா மாநிலத்தில் இருந்தாலும் சிம்பாங் பூலாய் சாலை வழியே திரிங்காப்புக்கு அதுதான் கிட்டே. எந்த ஊருக்குப் போய்வர முடியும் என்பதை டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். தேதி கிடைக்க நாள் ஆகலாம். அதனால்தான் இன்றே பெயரைப் பதிய வேண்டும். அதற்குள் பிள்ளை பேசத் தொடங்கிவிட்டால் நல்லது, தேதியை ரத்து செய்துகொள்ளலாம். இதனால் போவது ஒரு நாள் சம்பளம். அந்த ஒரு நாள் சம்பளம் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிது என்பது தெரியாமல் சொல்லவில்லை.

'ஓகேயு' அட்டை என்றதும் பலருக்குப் பயம். "பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்களே, நாளைக்கு யார் மதிப்பார்கள்?" என்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அட்டை தேவைப்படாது. டாக்டர் பரிந்துரைத்தால், சமூக நல இலாகாவில் பதிவு செய்வது பெற்றோரின் விருப்பம். 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டத்தின் கீழ் அந்தப் பிள்ளைக்கு உரிமைகள் உண்டு. சமூக மறுவாழ்வு மையங்கள், அதாவது 'பிடிகே', 1984இல் திரெங்கானுவில் தொடங்கி நாடெங்கும் பரவியவை. பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புகள் இருக்கின்றன, சில தமிழ்ப்பள்ளிகளிலும் உண்டு. சிறப்புத் தேவை உள்ள பிள்ளையைப் பள்ளிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையை 2019இல் கல்வி அமைச்சு நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அட்டை இல்லாவிட்டாலும் ஊர் அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. "ஊமை", "முரடு" என்ற அந்தப் பெயர்களால் ஒரு பயனும் இல்லை.

தாய்மார்களுக்குக் கடைசியாக ஒரு சொல். பாசமற்ற தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு நிபுணர்களே எழுதினார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பனாரான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964இல் நூல் எழுதி அதை மறுத்தார். அந்தக் கருத்து இன்று கைவிடப்பட்டுவிட்டது. வேலைக்குப் போனதாலோ, கர்ப்பத்தில் அழுததாலோ இது வந்துவிடவில்லை. பழியைச் சுமக்கிற நேரத்தில் பேருந்து ஏறிவிடலாம்.

தேதி வரும்வரை கைபேசியைக் குறையுங்கள். 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. பாலையும் பிஸ்கட்டையும் இரண்டு கையில் காட்டி, "பாலா, பிஸ்கட்டா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். அவன் கையை நீட்டினாலும் அது பதில்தான். "பால்" என்று சொல்லிக் கொடுங்கள்.

பாட்டி வசம்பை எடுத்து வைத்துவிட்டு, அன்றைக்குக் கிளினிக்குக்குத் துணையாக வந்தால் அதுவே பெரிய உதவி. தகப்பனார் ஒரு நாள் லீவு போட்டால் அதைவிடப் பெரிய உதவி.