துருவுக்குள் ஒரு பெயர்

(பொன்விழாவை முன்னிட்டு நம் பங்கின் இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது பொன்விழா நினைவு மண்டபத்துக்குக் கடைக்கால் தோண்டும் வேலை அடுத்த மாதம் தொடங்க இருக்கிறது. இப்போதைய கோவிலுக்கு முன் இருந்த பழைய சிற்றாலயம் நின்ற இடம் அது. சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் இளைஞர் நால்வர் என்னிடம் வந்து, "ஃபாதர், தோண்டுவதற்கு முன்னால் அங்கே மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடிப் பார்க்கலாமா? இங்கிலாந்தில் பழைய பூங்காக்களில் அப்படித்தான் தேடி எடுக்கிறார்கள், துருப்பிடித்த சாமானையெல்லாம் புதிதுபோல் ஆக்கிவிடுகிறார்கள்" என்று கேட்டார்கள். ஆகட்டும், அல்லது ஆகாது என்று ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு நான் ஒரு பழைய கடன் பட்டிருக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன்.

முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சொல்கிறேன். அதன் அடியில் வட்டமான கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. மாறிமாறிப் பாயும் மின்சாரம் அதைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சிறு மின்சுழல்கள் எழுகின்றன. கருவி அவற்றை உணர்ந்து ஒலி எழுப்புகிறது. தொலைபேசியைக் கண்டறிந்த கிரகாம் பெல், 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேட இத்தகைய கருவி ஒன்றைச் செய்து பார்த்தார், பலிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டு அதிகாரி கோசாட்ஸ்கி வடிவமைத்த கருவி, 1942-இல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் கண்ணிவெடிகளைக் கண்டுபிடிக்க உதவிற்று. உயிர் காக்கப் பிறந்த கருவிதான் பிற்பாடு பொழுதுபோக்குக் கருவியாயிற்று.

பூங்காவில் என்ன கிடைக்கும்? இங்கிலாந்தின் பொதுப் பூங்காக்கள் பல நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தவை. டெர்பி நகரப் பூங்கா 1840-இலும், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட் பூங்கா 1847-இலும் திறக்கப்பட்டன. எத்தனை தலைமுறை அங்கே புல்லில் அமர்ந்து இளைப்பாறியிருக்கும்! எழுந்து போகும்போது சட்டைப்பையிலிருந்து விழுந்த செப்புக்காசு, அறுந்த பொத்தான், பிள்ளைகளின் விளையாட்டுக் கார், வீட்டுச் சாவி, இவையே பெரும்பாலும் கிடைப்பவை. அவற்றோடு இரும்பு ஏராளம். போர்க்காலத்தில் பூங்காக்களின் இரும்புக் கிராதிகளை அரசு அறுத்து எடுத்துக்கொண்டது. அறுபட்ட அடிக்கட்டைகள் பல இடங்களில் இன்னும் நிற்கின்றன. தேடுகிறவர் பலர் இரும்பை வெறுக்கிறார்கள். இரும்புக்கு ஒலிக்காதபடி கருவியைத் திருப்பி வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அங்கேயும் நினைத்தவர் நினைத்த இடத்தில் தோண்ட முடியாது. பூங்கா நகராட்சியின் சொத்து; அனுமதி வேண்டும்; சில நகராட்சிகள் அறவே மறுக்கின்றன. பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவதே 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதையல் என்று கருதத்தக்கது கிடைத்தால் 14 நாட்களுக்குள் உரிய அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். புதையல் அல்லாத சிறு பொருள்களையும் மக்கள் தாமாகவே காட்டிப் பதிவு செய்ய 1997-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதில் பதிவான பொருள்கள் 10 லட்சத்துக்கும் அதிகம். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் இத்தனை பேர் வந்து சொல்லியிருக்கிறார்கள் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இனி, ஒரு சுத்தியலின் கதை. 1992 நவம்பரில், சபோக் மாவட்டத்து ஹாக்ஸன் என்னும் சிற்றூரில் ஒரு விவசாயி தம் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். தோட்டவேலை செய்து ஓய்வு பெற்ற அவருடைய நண்பர் எரிக் லாஸ் என்பவர், அதைத் தேடிக் கொடுக்கத் தம் கருவியோடு போனார். சுத்தியலுக்குப் பதில் வெள்ளிக் கரண்டிகளும் நாணயங்களும் நகைகளும் மேலே வந்தன. சிறிதளவு எடுத்தார், பிறகு நிறுத்திவிட்டார். ஊர் உறங்கிய பின் வந்து மிச்சத்தை அள்ளிக்கொண்டு போகவில்லை. நிலத்துக்கு உரியவர்களுக்கும் காவல் துறைக்கும் சொல்லி அனுப்பினார். மறுநாளே தொல்லியலார் வந்து முறையாகத் தோண்டினார்கள்.

சுமார் 15,000 உரோமானிய நாணயங்கள், பொன்னும் வெள்ளியுமாக 200 அளவில் பிற பொருள்கள்! அவற்றுள் ஒரு பேரரசியின் உருவில் செய்த வெள்ளி மிளகுச்சிமிழும் உண்டு. அக்காலத்தில் உரோமர்க்கு மிளகு போனது நம் தென்னிந்தியக் கரையிலிருந்துதான். இவ்வளவையும்விடப் பெரிது ஒன்று இருக்கிறது. அவர் கையை நிறுத்தியதால், எந்தப் பொருள் எதன்மேல் இருந்தது, அவற்றை அடக்கிய மரப்பெட்டியின் அளவு என்ன என்பன போன்ற செய்திகளும் அழியாமல் கிடைத்தன. அவருக்குக் கிடைத்த வெகுமதி 17 லட்சத்து 50 ஆயிரம் பவுன். அதை அவர் அந்த விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். தொலைந்த சுத்தியலும் பின்னர் அகப்பட்டது. அதுவும் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது!

இதற்கு மாறான கதையும் உண்டு. 2015-இல் ஹெரிபோர்டு மாவட்டத்தில் இருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நாணயக் குவியல் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். சொல்லாமல் மறைத்து, பிரித்து விற்கலானார்கள். 2019-இல் இருவருக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. பணமும் போயிற்று, பெயரும் போயிற்று. நாணயங்களுள் பெரும்பகுதி திரும்ப வரவில்லை.

நிலத்தில் மறைந்த புதையலைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். அந்த மனிதன் புதையலை இரவோடிரவாகத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. உள்ளதையெல்லாம் விற்று, முறைப்படி நிலத்தை வாங்கினான். அதை மறவாதீர்கள்.

அடுத்து, துருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்பு நீரோடும் காற்றோடும் சேர்ந்து துருவாகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் உப்பிப் பொருக்காகிறது. மண்ணின் உப்பு உள்ளே ஊறியிருந்தால், வெளியே எடுத்து உலர்ந்த பிறகும் அது தின்றுகொண்டே இருக்கும்.

இங்கிலாந்தில் சாதாரணத் துருச்சாவியை இப்படிச் சீர் செய்கிறார்கள். பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடா கரைத்த நீரில் சாவியைத் தொங்கவிட்டு, 12 வோல்ட் மின்சாரத்தின் எதிர்முனையை அதில் இணைப்பார்கள். நேர்முனையில் ஒரு பழைய இரும்புத் துண்டு இருக்கும். சாவிமீது எழும் குமிழிகள் துருவை நெகிழச் செய்யும். அந்தக் குமிழி தீப்பற்றக் கூடிய ஹைட்ரஜன் வாயு; ஆகவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். நேர்முனையில் எவர்சில்வர் வைக்கவே கூடாது; அதிலுள்ள குரோமியம் கரைந்து நீர் நஞ்சாகும். பிறகு நல்ல நீரில் பலமுறை அலசி, உலர்த்தி, டானிக் அமிலம் பூசுவார்கள். மிஞ்சிய துரு கருநீலமாக மாறி நிலைபெறும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். கடைசியில் மெழுகு தடவி வைப்பார்கள்.

ஆனால் இது சாதாரணப் பொருளுக்கு மட்டுமே உரிய முறை. பழம்பொருளில் இரும்பு முழுவதும் துருவாகவே மாறியிருக்கக் கூடும். பொருளின் பழைய மேற்பரப்பு, அதிலிருந்த கோடுகள், எழுத்துகள் ஆகியவை துருவுக்கு அடியில் அல்ல, துருவின் உள்ளேயே தங்கியிருக்கும். துருவை உரித்தால் அவற்றையும் உரித்துவிடுவோம். ஆகவே அறிந்தவர்கள் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். பிறகு உருப்பெருக்கியின்கீழ் சிறு கத்தியால் இழை இழையாகச் சுரண்டுகிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வேறொரு விதத்தில் கற்றுக்கொண்டேன். அதுதான் நான் பட்ட கடன்.

குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டு. ஒரு கடற்கரைப் பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவருக்காக மணலைத் தோண்டியபோது, முழங்கை நீளத்தில் ஓர் இரும்புச் சிலுவை வெளிப்பட்டது. துருவேறித் தடித்து, பனம்பட்டைபோல் இருந்தது. எனக்கோ இளமை வேகம். வெல்டிங் பட்டறையிலிருந்து கிரைண்டர் வரவழைத்தேன். கம்பிப் பிரஷ், அமிலம், உப்புத்தாள் என்று ஒரு நாள் முழுவதும் தேய்த்து, சில்வர் பெயின்ட் அடித்து, கல்லறை வாசலில் நாட்டினேன். பார்த்தவர் எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகவே இருந்தது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஒரு மூதாட்டி வந்தார். சிலுவை கிடைத்த செய்தியைக் கேட்டுப் பக்கத்து ஊரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். அதன் குறுக்குச் சட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலால் தடவினார். மறுபடியும் தடவினார். பிறகு, "சாமி, இதுல எங்க அண்ணன் பேரு வெட்டியிருந்துச்சே" என்றார்.

அவருடைய அண்ணன் இளம் வயதில் கடலில் மாண்டவர். தந்தை கொல்லர். மகனுக்காகத் தாமே சிலுவை அடித்து, உளியால் பெயரை வெட்டியிருக்கிறார். "எனக்கு எழுத்துத் தெரியாது சாமி. சின்னப் புள்ளையில தடவித் தடவித்தான் அண்ணன் பேரைப் படிச்சேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். புதிதாகப் பெயர் வெட்டித் தருகிறேன், அம்மா என்றேன். "வெட்டுங்க சாமி. ஆனா அது எங்க அப்பன் வெட்டுனது இல்லியே" என்று சொல்லி, பெயின்ட் ஒட்டிய விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

இளைஞர்களே, அந்தச் சிலுவைக்கு நான் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. நல்லது செய்வதாகவே நினைத்தேன். கையை நிறுத்தத் தெரியவில்லை. யாரையும் கேட்கத் தோன்றவில்லை. எரிக் லாஸுக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே.

ஆகவே உங்கள் கேள்விக்கு விடை இது. பொழுதுபோக்காகக் கருவி கொண்டு நாம் தோண்டப் போவதில்லை. கடைக்கால் வேலையில் மண்வெட்டி எதிலாவது பட்டு ஒலித்தால் மூன்று காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, நிறுத்துவோம். குண்டுபோலவோ வெடிபோலவோ தோன்றினால் தொடாமல் விலகிப் போலீசுக்குச் சொல்வோம்.

இரண்டாவது, தெரிவிப்போம். நம் நாட்டிலும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் உண்டு. மண்ணில் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டிருந்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பங்குக் கோவில் நிலம் என்பதால் நமக்கு விலக்கு இல்லை.

மூன்றாவது, எழுதி வைப்போம். பங்கு அலுவலகத்தில் ஒரு நோட்டும் மரப்பெட்டியும் வைத்திருக்கிறேன். எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில், என்றைக்கு, யார் கையில் கிடைத்தது என்று எழுதுங்கள். துருவைத் தேய்க்காதீர்கள், ஈரம் படாமல் பெட்டியில் வையுங்கள். பின்னர் ஞாயிறு பூசை முடிந்ததும் பெரியவர்களை அழைத்துக் காட்டுவோம். நமக்கு வெறும் இரும்பாகத் தெரிவது அவர்களில் ஒருவருக்குத் தம் வீட்டாரின் பெயராகத் தெரியலாம்.

வேலை தொடங்கும் நாள் காலையில் நானும் வருவேன். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு பெயரை எழுதி வைத்திருக்கிறேன். அது நம் ஊர்ப் பெயர் அல்ல. கடற்கரையில் நான் தேய்த்து அழித்த பெயர். நோட்டைத் திறக்கும்போதெல்லாம் அவருக்காக ஒரு செபம் சொல்லுங்கள்.