கதைவாரியாகப் படித்தல்: பழைய பல்ப் பத்திரிகைகளின் வாள், மாயாஜாலக் கதைகள்



நினைவுச் சொற்பொழிவு மேடைகளில் பெரும்பாலும் பேரிலக்கியம்தான் பேசப்படும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பவை, மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சாகி, கடைகளில் இருபத்தைந்து சென்டுக்கு விற்ற கதைகள். வாள் ஏந்திய ஒரு தனியாள், அவனுக்கு எதிரே மந்திரவாதி, நடுவில் பாழடைந்த ஒரு நகரம். இந்தக் கதைகளை எனக்கு மிகவும் பிடிக்கும். இவற்றில் சில பக்கங்களைப் படிக்கும்போது கூச்சமும் கோபமும் வரும். இந்த இரண்டையும் மறைக்காமல், இன்றைய வாசகர் இவற்றை எப்படிப் படித்து மகிழலாம் என்பதைச் சொல்ல விரும்புகிறேன். என் பதில் சிறியது: ஒவ்வொரு கதையாகப் படியுங்கள். தொடராக, காவியமாக, ஒரு நாயகனின் வாழ்க்கை வரலாறாகப் படிக்காதீர்கள்.

இதற்குக் காரணம் அந்தக் கதைகள் பிறந்த விதத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1923 மார்ச்சில் ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற மாத இதழ் தொடங்கியது. பேய், பிசாசு, வேற்றுலகம், விபரீதம் என்று மற்றப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பியவற்றுக்கெல்லாம் அது இடம் கொடுத்தது. 1924 முதல் 1940 வரை அதை நடத்தியவர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிக்கொண்டிருந்த நிலையிலும் மாதந்தோறும் இதழைக் கொண்டுவந்த மனிதர். அவருக்குக் கதை அனுப்பியவர்களில் ஒருவர், டெக்சஸ் மாநிலத்தில் கிராஸ் பிளெயின்ஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்த மருத்துவர் மகன், ராபர்ட் இ. ஹோவர்ட். 1929 ஆகஸ்ட் இதழில் வந்த அவருடைய ‘தி ஷேடோ கிங்டம்’ கதையைத்தான் இந்த வகையின் முதல் கதை என்று பலரும் சொல்கிறார்கள். வகைக்கு ‘வாளும் மாயாஜாலமும்’ என்ற பெயர் கிடைத்தது 1961இல். பெயர் வைத்தவர் ஃபிரிட்ஸ் லைபர். அவரும் இதே வகையில் எழுதியவர்தான்.

1932 டிசம்பர் இதழில் ஹோவர்டின் நாயகன் கோனன் முதன்முதலாக வருகிறான். வரும்போதே அவன் நடுவயது அரசன். வாளை விட்டுவிட்டு நாட்டின் வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறான். தன்னை வெறுக்கும் கவிஞனைக் கொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. 1933 ஜனவரி கதையிலும் அவன் அரசன். மார்ச் கதையைத் திறந்தால், தாடி முளைக்கும் பருவத்துத் திருடன். அதற்கடுத்து ஜூனில் கூலிப்படைத் தலைவன். இப்படி முன்னும் பின்னுமாக எழுதுவதை ஹோவர்ட் ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார்: ஊர் சுற்றிய ஒருவன் தன் அனுபவங்களை நினைவு வந்த போக்கில் சொல்லும்போது வரிசையாகவா சொல்வான்? அந்த நாடோடி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லத் தான் எழுதிக்கொள்வதாகவே அவருக்குத் தோன்றியிருக்கிறது.

பத்திரிகையின் தேவையும் இதற்கு ஒத்துவந்தது. அந்த மாதம் முதல்முறையாக இதழை வாங்கியவருக்கும் கதை புரிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு கதையும் தன் உலகத்தைத் தானே கட்டி எழுப்பி, தானே இடித்துவிட்டுப் போகிறது.

ஹோவர்ட் இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1966 முதல், எல். ஸ்பிரேக் டி கேம்ப்பும் லின் கார்ட்டரும் கோனன் கதைகளை மலிவுப் பதிப்பு நூல்களாகக் கொண்டுவந்தார்கள். ஃபிராங்க் ஃபிரசெட்டாவின் அட்டை ஓவியங்களோடு அவை பெரிய அளவில் விற்றன. அந்த நூல்கள் இல்லாவிட்டால் இந்தக் கதைகள் நம் காலம்வரை வந்திருக்குமா என்பதே சந்தேகம். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அவர்கள் கதைகளை நாயகனின் வயதுப்படி அடுக்கினார்கள். இடைவெளிகளைத் தங்கள் சொந்தக் கதைகளால் நிரப்பினார்கள். முடிக்காத துண்டுகளை முடித்தார்கள், மூலத்தில் கைவைத்தார்கள். வரிசையாகப் படிக்கும்போது, மாதக்கணக்கான இடைவெளியில் படித்தபோது தெரியாத குறை தெரிகிறது: மறுபடியும் ஒரு பாம்பு, மறுபடியும் ஒரு குரங்கு அரக்கன், மறுபடியும் அலறும் பெண். 2003 தொடங்கி வந்த மூன்று டெல் ரே பதிப்பகத் தொகுதிகள், ஹோவர்ட் எழுதிய மூலத்தை, அவர் எழுதிய வரிசையிலேயே தருகின்றன. புதிதாகப் படிப்பவர்கள் அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

1933 மார்ச் கதைக்கு வருகிறேன். பெயர் ‘தி டவர் ஆஃப் தி எலிஃபன்ட்’. திருடர்கள் கூடும் ஒரு குடிக்கடை. இளைஞன் கோனன் ஒரு கேள்வி கேட்கிறான்: யாரா என்ற மந்திரவாதியின் கோபுரத்தில் இருக்கும் மாணிக்கத்தை ஏன் இன்னும் எவரும் திருடவில்லை? கடையே சிரிக்கிறது. சிரித்தவன் ஒருவன் விளக்கு அணைந்த நொடியில் பிணமாகிறான். அன்றிரவே கோனன் கோபுரத்துத் தோட்டத்தில் குதிக்கிறான். அங்கே டாரஸ் என்ற பெரிய திருடன் முன்பே வந்திருக்கிறான். குரல் எழுப்பாத சிங்கங்களைக் கருந்தாமரைப் பொடியை ஊதிக் கொல்கிறான். இருவரும் கயிறு கட்டி ஏறுகிறார்கள். மேலே போனதும் டாரஸ் ஒரு சிலந்திக்குப் பலியாகிறான்; பன்றியளவு பெரிய சிலந்தி. இதுவரை நல்ல திருட்டுக் கதை, அவ்வளவுதான். வேறு எழுத்தாளராக இருந்தால் மாணிக்கத்தை எடுத்துக்கொண்டு ஓட வைத்திருப்பார்.

ஹோவர்ட் அடுத்த கதவைத் திறக்கிறார். உள்ளே யானைத் தலையும் மனித உடலும் கொண்ட ஓர் உருவம். கோனன் அதைக் கோயில் சிலை என்று நினைக்கிறான். அது அசைகிறது. கண்கள் குருடாக்கப்பட்டிருக்கின்றன, கைகால்கள் சித்திரவதையில் நொறுங்கியிருக்கின்றன. அது வேறொரு கிரகத்திலிருந்து சிறகடித்துப் பூமிக்கு வந்த உயிர். ஒரு காலத்தில் காட்டு மக்கள் அதைத் தெய்வமாக வணங்கினார்கள். பிறகு யாரா அதன் வித்தையைக் கற்றுக்கொண்டு அதையே அடிமையாக்கினான். வீட்டு வாசலில் பிள்ளையாரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி டெக்சஸ் வாசகரைவிட ஆழமாகத் தைக்கும். அந்த உருவத்தின் எதிரே நிற்கும் கோனன், கொலையும் திருட்டும் தவிர வேறு அறியாத அந்தப் பையன், மனித குலம் முழுவதன் குற்றமும் தன் தலையில் விழுந்ததுபோல் குறுகிப்போகிறான். தன் இதயத்தை அறுத்தெடுத்து அந்த ரத்தத்தை மாணிக்கத்தின்மேல் பிழியும்படி அது வேண்டுகிறது. அவன் செய்கிறான். யாரா சிறுத்துச் சிறுத்து மாணிக்கத்துக்குள்ளேயே இழுக்கப்படுகிறான். விடியலில் கோபுரம் உடைந்து சரிகிறது. கோனன் வெறுங்கையோடு நிற்கிறான்.

இந்தக் கதைகள் வெற்றிப் பெருமிதத்தால் ஆனவை என்று 1982இல் வந்த கோனன் திரைப்படத்தைப் பார்த்தவர்கள் நினைக்கலாம். நல்ல ஹோவர்ட் கதைகள் துயரத்தில்தான் முடிகின்றன. ‘பியாண்ட் தி பிளாக் ரிவர்’ கதையில் எல்லைக் கோட்டை வீழ்கிறது. குடியேறியவர்கள் தப்பி ஓடுவதற்காகப் பாதையில் நின்று சண்டையிட்ட இளைஞனும் அவனோடு இருந்த நாயும் சாகிறார்கள். மாகாணமே கைவிட்டுப் போகிறது. நாகரிகம் தற்செயலாக வந்தது, காட்டுமிராண்டித்தனமே கடைசியில் மிஞ்சும் என்பது ஹோவர்டின் திடமான நம்பிக்கை. அவர் சிறுவனாக இருந்தபோது டெக்சஸின் எல்லைச் சண்டைகளை நேரில் கண்ட கிழவர்கள் உயிரோடு இருந்தார்கள். பிறகு எண்ணெய் கிடைத்து, கிராஸ் பிளெயின்ஸில் கூட்டமும் குடியும் அடிதடியும் பெருகியதை அவரே பார்த்தார். அந்த நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை. அது வாக்கியத்துக்குள் இறங்கி வேலை செய்வதை ரசிக்கலாம்.

அந்த வாக்கியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டச்சு செய்யும்போது ஹோவர்ட் வாய்விட்டு உரக்கச் சொல்லிக்கொண்டே அடிப்பார் என்று அவரை அறிந்தவர்கள் பதிந்திருக்கிறார்கள். மௌனமாகப் படித்தால் அடைமொழிகள் மிகுதியாகத் தெரியும் பத்திகள், சத்தமாகப் படித்தால் ஓடத் தொடங்கும். சண்டைக் காட்சி ஒன்றை வீட்டில் உரக்கப் படித்துப் பாருங்கள்.

அவர் வரலாற்றுக் கதைகளை இன்னும் அதிகம் நேசித்தார். ஆனால் அவற்றுக்கு வேண்டிய ஆராய்ச்சிக்கு நேரமாகும், பத்திரிகையோ சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தது. எனவே எகிப்தை ஸ்டிஜியா என்றும் இந்தியாவை வெந்தியா என்றும் மாற்றி, எல்லாக் காலத்தையும் ஒரே நிலத்தில் அருகருகே வைத்தார். அந்தக் கூலியும் ஒழுங்காக வரவில்லை. காசநோயில் கிடந்த தாயின் மருத்துவச் செலவு ஏறிக்கொண்டிருந்தபோது, ‘வியர்ட் டேல்ஸ்’ அவருக்கு நூற்றுக்கணக்கான டாலர் பாக்கி வைத்திருந்தது. பணம் தரும் கௌபாய் கதைகளின் பக்கம் அவர் திரும்பினார். 1936 ஜூன் 11 அன்று, தாய்க்கு இனி நினைவு திரும்பாது என்று தெரிந்ததும், தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். அப்போது வயது முப்பது.

ஹோவர்டோடு நிறுத்திக்கொள்பவர்கள் பாதிச் செல்வத்தை இழக்கிறார்கள். இண்டியானாபொலிஸில் ஒரு வங்கியில் செயலாளராக வேலை பார்த்த கேதரின் மூர், 23 வயதில், 1934 அக்டோபர் இதழில் ‘பிளாக் காட்ஸ் கிஸ்’ எழுதினார். கதை எழுதுவது வங்கிக்குத் தெரியக் கூடாதென்று சி. எல். மூர் என்று கையெழுத்திட்டார். தோற்ற கோட்டையின் தளபதியை வென்றவன் முன் இழுத்து வருகிறார்கள். தலைக்கவசத்தைக் கழற்றினால் சிவந்த முடியுடைய பெண், ஜிரெல். அவள் கோட்டைக்கு அடியில் சுழன்று இறங்கும் ஒரு குழிவழியே வேறோர் உலகத்துக்குப் போய், தன்னை அவமானப்படுத்தியவனைக் கொல்ல ஓர் ஆயுதம் தேடுகிறாள். வாள்வீச்சு இதில் மிகக் குறைவு. இருட்டும் நிலப்பரப்பும் அச்சமும்தான் கதை. அவனைக் கொன்ற பிறகு அவனையே காதலித்ததாக ஜிரெல் உணரும் முடிவு எனக்கு இன்றும் ஒப்பவில்லை. அவள் இறங்கிப்போகும் அந்தப் பக்கங்களுக்கு இணையாக ஹோவர்டிடம்கூட ஒன்றைக் காட்ட முடியாது.

கலிபோர்னியாவின் ஆபர்ன் ஊரில், முதிய பெற்றோரைப் பராமரித்துக்கொண்டு ஒரு சிறு வீட்டில் வாழ்ந்த கவிஞர் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித். பூமியின் கடைசிக் கண்டமான ஸொதீக்கைப் படைத்தவர். 1932இல் வந்த ‘தி எம்பயர் ஆஃப் தி நெக்ரோமான்சர்ஸ்’ கதையில், இரண்டு மந்திரவாதிகள் அழிந்துபோன ஒரு நாட்டின் பிணங்களை எழுப்பி ஏவல் செய்ய வைக்கிறார்கள். எழுந்தவர்கள் வேண்டுவது வாழ்வை அன்று, பறிக்கப்பட்ட தங்கள் சாவை. சில பக்கக் கதை. லைபர் 1939இல் தொடங்கிய இரு நண்பர்களின் கதைகளில் நகைச்சுவையும் தோழமையும் உண்டு. அவற்றுக்குத் தனியாகவே ஓர் உரை வேண்டும்.

இனிக் கூச்சம் தரும் பக்கங்கள். அட்டை ஓவியர் மார்கரெட் பிரண்டேஜின் ஆடையற்ற பெண்கள் இதழை விற்றுக் கொடுத்தார்கள். அட்டையில் இடம்பிடிக்க எழுத்தாளர்கள் கதைக்குள் அதற்கேற்ற காட்சியைச் செருகினார்கள், ஹோவர்டும் செருகினார். 1933 செப்டம்பர் கதையில் வரும் சவுக்கடிக் காட்சி அப்படிப்பட்டது. இதைவிடக் கொடியது இனவெறி. ‘ஷேடோஸ் இன் ஜாம்பூலா’வில் கறுப்பின மனிதர்கள் நரமாமிசம் தின்பவர்கள். ஹோவர்ட் வாழ்ந்தபோது அச்சேறாமல் 1967இல் வெளிவந்த ‘தி வேல் ஆஃப் லாஸ்ட் விமன்’ கதையில், கறுப்பர்களிடமிருந்து தன்னைக் காக்கும்படி வெள்ளைக்காரப் பெண் கோனனிடம் தோல் நிறத்தைச் சொல்லியே மன்றாடுகிறாள். ‘அந்தக் காலம் அப்படி’ என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை. அந்தக் காலத்திலும் அதைப் படித்து வலி உணர்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். இங்கேதான் கதைவாரியாகப் படிப்பது உதவுகிறது. யானைக் கோபுரத்துக்காக ‘தி வேல் ஆஃப் லாஸ்ட் விமன்’ கதையை மன்னிக்க வேண்டியதில்லை. அந்தக் கதைக்காகக் கோபுரத்தை இழக்கவும் வேண்டியதில்லை.

நம்மைப் பற்றிய கதையும் ஒன்று உண்டு. 1934இல் மூன்று இதழ்களில் வந்த ‘தி பீப்பிள் ஆஃப் தி பிளாக் சர்க்கிள்’. வெந்தியாவின் அரசன் மந்திரத்தால் சாகிறான். தன் ஆன்மாவாவது தப்ப வேண்டும், என்னைக் குத்திக் கொல் என்று தங்கையிடம் கெஞ்சுகிறான். யஸ்மினா குத்துகிறாள். இந்தத் தொடக்கம் பிரமாதம். பின்னால் வரும் மலைக்கூட்டங்களும் மர்ம குருமார்களும், ஹோவர்ட் விரும்பிப் படித்த ‘அட்வென்ச்சர்’ இதழ்க் கதைகளிலிருந்து வந்த இந்தியா; வெள்ளைக்காரன் கண்ட இந்தியா. அதைப் படிக்கும் இந்திய வாசகர் எரிச்சலடைய உரிமை உண்டு. ஆனால் கடைசியில் யஸ்மினா கோனனோடு போகவில்லை. தன் படைக்கும் தன் அரியணைக்கும் திரும்புகிறாள். அந்தப் பிரிவை ஹோவர்ட் சமமானவர்களின் பிரிவாக எழுதியிருக்கிறார்.

இந்தக் கதைகளை நேசித்து, அவற்றால் காயப்பட்டு, அந்தக் காயத்திலிருந்தே எழுதிய ஒருவர் சார்ல்ஸ் சாண்டர்ஸ். அமெரிக்காவில் பிறந்து கனடாவில் குடியேறிய கறுப்பின எழுத்தாளர். 1981இல் வந்த அவருடைய ‘இமாரோ’ நியும்பானி என்ற கற்பனை ஆப்பிரிக்காவில் நடக்கிறது. பதிப்பாளர் அட்டையில் அதன் நாயகன் இமாரோவைக் கறுப்பு டார்ஜன் என்று விளம்பரம் செய்யப்போக, டார்ஜன் உரிமையாளர்கள் எதிர்க்க, நூல் வெளிவருவது தாமதமானது. 2006இல் மறுபதிப்பு வந்தபோது, ருவாண்டா படுகொலையை நினைவூட்டிய ஒரு பகுதியைச் சாண்டர்ஸ் தாமே நீக்கிவிட்டு வேறு எழுதினார். தான் எழுதிய கதையையே பின்னால் வந்த காலத்தின் கண்ணால் மறுபடி படித்தவர் அவர்.

மாணவ நண்பர்கள் முதலில் ‘தி டவர் ஆஃப் தி எலிஃபன்ட்’ படியுங்கள். சில நாள் விட்டு ஸ்மித், பிறகு மூர், பிறகு ‘பியாண்ட் தி பிளாக் ரிவர்’. அதற்கப்புறம் ‘இமாரோ’. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடாதீர்கள்.