உப்பும் அயோடினும்

(ஆரப்பாளையம் சுற்றுவட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. ஆயினும் கிராமத்தார் ஆரப்பாளையத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி வாங்கிச் செல்லும் சாமான்களுள் மிக அற்ப விலையுள்ளது உப்பே. ஆகையால் அதை ஆராய்ந்து வாங்குவோர் சிலரே. குழந்தையின் புத்தி வளர்ச்சியும் அவ்வுப்பைப் பொறுத்திருக்கிறது என்பதைப் பலர் அறியார்.

அயோடின் என்னும் மூலப்பொருளை 1811-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்துக் கூர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து கண்டுபிடித்தார். காயத்தில் தடவும் டிங்சராக முதியோர் இதை அறிவர். உடம்பினுள் இதன் வேலை வேறு. கழுத்தின் முன்புறத்திலுள்ள தைராய்டு சுரப்பி, உடல் வளர்ச்சிக்கு வேண்டிய ரசத்தை இதைக்கொண்டே உண்டாக்குகிறது. வயது வந்தவருக்குத் தினமும் வேண்டியது 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. ஒரு கிராம் அயோடின் ஒருவருக்குப் பதினெட்டு வருஷங்களுக்குப் போதும். இவ்வளவு சொற்பமும் கிடையாவிடில் முன்கழுத்துக் கழலை உண்டாகும். கர்ப்ப காலத்தில் மிகவும் குறைந்தால் சிசுவின் மூளை வளர்ச்சி குன்றும். பின்னர் எம்மருந்தாலும் அதை முற்றும் மீட்க இயலாது.

கடலுப்பில் அயோடின் இயல்பாகவே உண்டு எனச் சிலர் கருதுவர். அது தவறு. கடல்நீரிலேயே அது மிகக் குறைவு. பாத்தியில் விளையும் உப்பில் போதிய அளவு தங்குவதில்லை. மண்ணிலுள்ளதையும் மழையும் வெள்ளமும் அடித்துச் செல்லுகின்றன. ஆகவே உப்பில் பொட்டாசியம் அயோடேட் சேர்க்கப்படுகிறது. டாக்டர் வி. ராமலிங்கசுவாமி முதலியோர் இமயமலைச் சாரலில் காங்கிரா பள்ளத்தாக்கில் நடத்திய சோதனையில், இவ்வுப்பால் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் இந்திய சர்க்கார் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. உணவுக்கு அயோடின் சேராத உப்பை விற்பது 2006-ம் வருஷம் மே மாதம் முதல் தடுக்கப்பட்டுள்ளது.

தூத்துக்குடி உப்பளங்களையும், வாலிநோக்கத்தில் சர்க்கார் உப்பளத்தையும் உடையது தமிழ்நாடு. எனினும் 2018-19-ல் எடுத்த கணக்கில், போதிய அயோடினுள்ள உப்பு இங்கே நூற்றுக்கு 62 வீடுகளில்தான் இருந்தது. இந்தியா முழுவதும் 76. மாநிலங்களுள் தமிழ்நாடே கடைசி. உப்பு விளைவிப்பவர் வீட்டிலேயே நல்லுப்பு இல்லை என்பது வருந்தத்தக்கது.

இக்குறையை நீக்குவது சங்கங்களால் ஆகக்கூடியது. நியாயவிலைக் கடை நடத்தும் சங்கங்கள் அயோடின் உப்பை எப்போதும் இருப்பில் வைக்கவேண்டும். சோதனைத் திரவத்தில் ஒரு துளி விட்டால், அயோடினுள்ள உப்பு நீலம் பாயும். இதைச் சபையில் யாவருங்காணச் செய்து காட்டலாம். வீட்டில் உப்பை மூடிய ஜாடியில், ஈரமும் அடுப்பனலும் படாமல் வைத்து, சமையல் முடியும் தறுவாயில் சேர்ப்பது நலம். அயோடினுக்காக அதிக உப்பு உண்ணலாகாது. தைராய்டு வியாதியுள்ளோர் வைத்தியரைக் கேட்டு நடப்பது முறை.

செலவோ சில காசுகள். காக்கப்படுவதோ பிறக்கப்போகும் குழந்தையின் அறிவு. உப்புப் பொட்டலத்தை வாங்குமுன் அதன்மேல் அயோடின் என்ற சொல் உண்டா என்று பார்ப்பது ஒவ்வோர் அங்கத்தினரின் கடமையாகும்.