திரையில் எழுந்த கொடி

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தொழில் நாடி வந்து பீன்யாத் தொழிற்பேட்டையில் வேரூன்றிய நமக்கு முத்திரையின் மதிப்பை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கடைசல் பட்டறையில் உருவான உறுப்பின்மேல் கம்பெனியின் குறியைப் பொறித்த பின்னரே அதனை வெளியே அனுப்புகிறோம். ‘இதற்கு நாங்கள் பொறுப்பு’ என்பதே அக்குறியின் பொருள். பட்டறை ஒருநாள் மூடப்படலாம். குறி தாங்கிய உறுப்போ எங்கோ ஓர் எந்திரத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். சேரன் வில்லையும், சோழன் புலியையும், பாண்டியன் கயலையும் பொறித்ததும் இத்தகைய பெயர் நிலைக்கவே அன்றோ?

திரைப்படத்திற்கும் இத்தகைய முத்திரை உண்டு. கதை தொடங்குமுன் சில நொடிகள் தோன்றி மறையும் கம்பெனி இலச்சினையைத்தான் குறிப்பிடுகிறோம். எஸ். எஸ். வாசன் அவர்களின் ஜெமினிக்கு ஊதுகுழல் முழக்கும் இரட்டைச் சிறுவர். விஜயா நிறுவனத்திற்கு அனுமன் பொறித்த கொடி. இவை நெடுங்காலம் ஓங்கி நின்ற பெருநிறுவனங்களின் சின்னங்கள். ஜெமினி படநிலையம் மறைந்த பின்னும் சென்னையில் ஒரு மேம்பாலத்தை மக்கள் அதன் பெயராலேயே அழைக்கின்றனர். ஆனால், சில படங்களே எடுத்து ஓய்ந்த சிறு கம்பெனிகளின் சின்னங்களை யார் நினைக்கின்றனர்? அவற்றுள் ஒன்றனைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

எம்.ஜி.யார் பிக்சர்ஸ் என்னும் நிறுவனம் தந்த படங்கள் மூன்றே: 1958-இல் ‘நாடோடி மன்னன்’, 1969-இல் ‘அடிமைப் பெண்’, 1973-இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’. அதன் இலச்சினையில் ஆணும் பெண்ணுமாக இருவர் கொடி ஏந்தி நிற்பர். அது வெறும் அலங்காரக் கொடியன்று. திராவிட முன்னேற்றக் கழகத்தின் கொடி.

நம் சங்கம் கட்சி சார்பற்றது. ஆதலின் இங்கே நாம் எடைபோடுவது கட்சியையன்று. ஒரு சின்னத்தின் துணிவையே. எம்.ஜி.ஆர். ‘நாடோடி மன்னனை’த் தாமே தயாரித்தார், தாமே இயக்கினார், இரு வேடங்களையும் தாமே தாங்கினார். படம் 1958 ஆகஸ்டு 22-ஆம் நாள் வெளிவந்தது. அக்கழகம் தேர்தல் களத்தில் முதன்முதல் இறங்கி ஓராண்டே ஆகியிருந்தது. கொட்டகைக்கு வருவோர் அனைவரும் ஒரே கொள்கையினர் அல்லர். ஆட்சி வேறொரு கட்சியின் கையில் இருந்தது. வணிகம் அறிந்த எவரும் அந்நிலையில் தம் சார்பை மறைக்கவே முற்படுவர். இவரோ கதையின் முதற் சொல்லுக்கு முன்பே அதனைத் திரையில் உயர்த்தினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு சிவப்பாய்த் தெரியாது. ஆயினும் அறிந்தவர் கண்கள் அந்நிறத்தைத் தாமே தீட்டிக்கொண்டன.

காலம் அக்கொடிக்கு வெவ்வேறு பொருள்களைத் தந்தது. முதற் படத்தின்போது அது எதிர்க்கட்சியின் கொடி. இரண்டாம் படம் வந்தபோது, 1967 தேர்தலில் வென்று ஆட்சியேறிய கட்சியின் கொடி. மூன்றாம் படம் 1973 மே 11-இல் வெளிவந்தபோதோ, எம்.ஜி.ஆர். அக்கழகத்தினின்று நீங்கித் தனிக் கட்சி கண்டு ஏறத்தாழ ஏழு திங்கள் ஆகியிருந்தன. நிறுவனம் ஒன்று; படம் மூன்று; பதினைந்து ஆண்டுகளில் காலமோ மும்முறை மாறிற்று! வேறெந்தப் பெருநிறுவனத்தின் சின்னமும் இத்துணைக் குறுகிய வாழ்வில் இத்துணை வரலாற்றைச் சுமந்ததாகக் கூற இயலுமோ?

நாம் வாழும் இம்மண்ணுக்கும் அந்நிறுவனத்திற்கும் உறவுண்டு. ‘நாடோடி மன்னனின்’ பிற்பகுதி கேவா வண்ணத்தில் மலர்ந்தது. அப்பகுதியில் தோன்றித் தமிழர் உள்ளம் கவர்ந்த பி. சரோஜாதேவி பெங்களூரில் பிறந்தவர்; 2025-இல் இந்நகரிலேயே மறைந்தவர். ‘அடிமைப் பெண்’ணில் நடித்த ஜெயலலிதா பிறந்ததும் கன்னட நாட்டின் மேலுக்கோட்டையில்தான். கலைக்கு எல்லைக்கல் இல்லை என்பதற்கு இவை போதாவோ?

ஆயினும், அன்பர்களே, இலச்சினைகளின் நிலை இரங்கத்தக்கது. படச்சுருளைக் கருவியில் மாட்டும்போதும் கழற்றும்போதும் மிகுதியாகத் தேய்வன அதன் தலையும் வாலுமே. இலச்சினை இருக்கும் இடமோ முதற் சுருளின் தலை! கீறல் முதலில் விழுவது அங்கே. அறுந்தால் வெட்டி ஒட்டப்படுவதும் அங்கே. உரிமை கைமாறினால், வாங்கியவர் தம் சின்னத்தை முன்னே சேர்ப்பார், பழையது நீங்கும். தொலைக்காட்சியிலோ நேரம் கருதித் தொடக்கத்தையே நறுக்கிவிடுகின்றனர். கதை பிழைத்தாலும் கையொப்பம் அழிகிறது.

பெரும் படங்கள் எவ்வாறேனும் காக்கப்படும். ஒரே படம் எடுத்துக் கடனில் மூழ்கிய கம்பெனிக்கு யார் துணை? 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ படத்தின் சுருளே இன்று கிடைக்கவில்லை. இந்திய அரசின் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தோன்றியது 1964-இல்தான். அதற்குள் அழிந்தவை எத்தனையோ!

எனவே ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வரும்போது நம் பெற்றோர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பழைய பாட்டுப் புத்தகங்கள் சில இல்லங்களில் இருக்கக்கூடும். திரையில் மறைந்த கம்பெனிச் சின்னம் அவற்றின் அட்டையில் உயிரோடு இருக்கலாம். பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சங்கத்திடம் தாருங்கள், படி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம், அடுத்த ஆண்டு விழாவில் காட்சிக்கு வைப்போம்.

உழைத்தவன் இட்ட குறியை மதிப்பது உழைப்பாளர் கடமை. பிறர் குறியைப் பொறித்தே வாழும் பீன்யா மக்களாகிய நாம் அக்கடமையை மறவோம்.

வாழ்க தமிழ்! ஓங்குக ஒற்றுமை!