பதிவேட்டில் நம் பெயர்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியராக வேலை செய்துகொண்டிருந்த நான், முப்பது வயதுக்குப் பிறகு ஏன் கணினி சார்ந்த முதுமாணிப் படிப்புக்குப் போனேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்குரிய பதிலை இந்த மண்டபத்தில் சொல்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

நான் அறிந்த முதல் தகவல் முறைமை எங்கள் தோட்டத்துச் செக்றோல். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா மடுவத்தில் கொழுந்து நிறுக்க நிற்பார். தராசு ஒன்றைக் காட்டும். சாக்குக்கும் தண்ணிக்கும் கழித்து வேறொன்றை எழுதுவார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர். சம்பளத்துண்டு வந்ததும், "எத்தன பேரு போட்டிருக்கு, வாசி புள்ள" என்று என்னிடம் நீட்டுவார். மலையில் நின்ற நாளெல்லாம் நாளல்ல, எழுதப்பட்ட நாளே நாள் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

பல வருடங்களின் பின், நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரிக்கு இரவு நேரத்தில் ஒரு தாயைக் கொண்டுவந்தார்கள். கடும் காய்ச்சல், நினைவு தெளிவில்லை. ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று கணவரிடம் கேட்டேன். "அதெல்லாம் தெரியாதுங்க" என்றார். பழைய டயக்னோசிஸ் கார்ட் லயக்கூரை ஒழுகி நனைந்து போய்விட்டதாம். அடையாள அட்டையிலிருந்த பெயரை வைத்துப் பதிவறையில் தேடினோம், ஒன்றும் இல்லை. பென்சிலின் வகை ஊசி எழுதினேன். சில நிமிடங்களில் மூச்சுத் திணறத் தொடங்கியது. விடியும்வரை போராடிக் காப்பாற்றினோம்.

மறுநாள் அவருடைய பழைய சீட்டு அதே பதிவறையில் கிடைத்தது. பென்சிலின் கொடுக்கக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஆனால் அது தோட்டத்தில் அவரை அழைக்கும் பெயரில் இருந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன இன்னொரு எழுத்து, லயத்தில் மூன்றாவது பெயர். ஒரே தாய், மூன்று ஆட்கள். அந்த ஊசிக்கு ஒப்பமிட்டவள் நான். எல்லோரும் எழுத வேண்டியதை எழுதித்தான் இருந்தார்கள், தேடும்போது கிடைக்கவில்லை.

அதன் பிறகுதான் விண்ணப்பித்தேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம், சேவையிலுள்ள வைத்தியர்களுக்காக உயிர்மருத்துவத் தகவலியல் முதுமாணிக் கற்கையை 2009-இல் தொடங்கியது. கணினிக்குக் கட்டளை எழுதுவதுதான் படிப்பு என்று பயந்து போனேன். அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை வேறு: இந்தத் தகவலை யார் எழுதுகிறார், எந்த மொழியில், எந்த அவசரத்தில்? பிழையைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு? பட்டியலில் விடுபடுபவர் யார்? பெயரை மட்டும் நம்பாமல் ஒவ்வொருவருக்கும் மாறாத ஓர் எண் ஏன் வேண்டும், ஒரே ஓசையுள்ள பெயர்களைக் கணினி எப்படிச் சேர்த்துத் தேடும் என்று படித்தபோது, அந்தத் தாயின் முகம்தான் நினைவில் நின்றது.

இப்படிப்பட்ட அறிவால் நம் நாடு சாதித்ததும் உண்டு. 2020 ஜனவரியில், கொவிட் இங்கு பரவுவதற்கு முன்பே, வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பதிந்து கண்காணிக்கும் முறைமையை இலங்கைக் குழுவொன்று உருவாக்கியது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் இலவச மென்பொருளான டிஎச்ஐஎஸ்2-இன் மேல் அதைக் கட்டினார்கள். அதைப் பின்பற்றிப் பல நாடுகள் தங்கள் முறைமைகளை அமைத்துக்கொண்டன. அந்தக் குழுவில் வைத்தியர்களும் இருந்தார்கள்.

தங்கைமாரே, இது வைத்தியர்களுக்கு மட்டுமான கதையல்ல. உங்களில் வங்கி முகாமையாளர் இருக்கிறீர்கள், தோட்டக் கம்பனி அலுவலர் இருக்கிறீர்கள், பிரதேச செயலகத்தில் பணிபுரிவோர் இருக்கிறீர்கள். பதவியில் இருப்பவர்களுக்கென்றே வார இறுதியில் நடக்கும் வணிகத் தகவல் முறைமைப் பட்டப்பின் கற்கைகள் இன்று உண்டு. புது முறைமை வாங்கும்போது எந்தக் கட்டம் இருக்க வேண்டும் என்று சொல்பவர் முகாமையாளர்தான். இப்போது பல தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. ஆனால் கழிக்கப்பட்ட கிலோவுக்கு ஒரு கட்டம் இருக்கிறதா, அதைக் கொழுந்து எடுத்தவர் தன் மொழியில் பார்க்க முடியுமா என்று கேட்க, மடுவத்தில் நின்ற ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும்.

பட்டம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டு முதல் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை நடத்துகிறது. ஊரில் இருந்தே படிக்கலாம். தடையாக இருப்பது பெரும்பாலும் ஆங்கிலமும் கட்டணமும்தான். ஆகவே சங்கத்திடம் ஒரு கோரிக்கை. வருடத்துக்கு ஒரு மாணவியையாவது தெரிவு செய்து, விண்ணப்பம் முதல் முதலாம் ஆண்டுப் பரீட்சை வரை துணை நிற்போம். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பில் முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்துப் பிழையில்லாமல் எழுதுங்கள்.